கலிஃபோர்னியாவுல செமி-ஆட்டோ ரைஃபிள்: எது லீகல், எது இல்ல, ஏன் அப்படி

நம்ம ஆளுங்க குரூப்புல இந்தப் பேச்சு அடிக்கடி வந்துடுது. ஒருத்தர் "கலிஃபோர்னியாவுல செமி-ஆட்டோமேட்டிக்கே தடைங்க, வாங்கவே முடியாது"ம்பாரு. உடனே இன்னொருத்தர் "அதெல்லாம் இல்லங்க, 10 குண்டு மேகசின் போட்டுட்டா எந்த ரைஃபிளும் லீகல்தான், என் ஃப்ரெண்டே ஏஆர் வச்சிருக்கான்"ம்பாரு. ரெண்டுமே தப்பு. முதல் ஆள் சொல்றத நம்பினா ஒண்ணும் ஆயிடாது, ஒரு ரைஃபிள் வாங்காம இருப்பீங்க, அவ்வளவுதான். ரெண்டாவது ஆள் சொல்றத நம்பி ஏதாவது வாங்கி வீட்டுல வச்சீங்கன்னா அது கிரிமினல் கேஸ், வேலை, விசா, கிரீன் கார்டு எல்லாம் ஒரே நாள்ல போயிடும். அதுக்காகத்தான் உக்காந்து எழுதறேன்.

நான் வக்கீல் இல்ல. பல வருஷமா ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகுற இடத்துக்குப் போறவன், புதுசா வாங்குறவங்க கூட கடைக்குத் துணைக்குப் போறவன், அந்த அனுபவத்துல எனக்குப் புரிஞ்சத முதல்ல இருந்து சொல்றேன். துப்பாக்கியையே தொடாதவங்களுக்கும் புரியணும்னு நினைச்சு எழுதறேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

## செமி-ஆட்டோன்னா என்ன

வீட்டு வாசல்ல ரெண்டு வகை காலிங் பெல் பார்த்திருப்பீங்க. ஒண்ணு அமுக்கினா "டிங் டாங்"னு ஒரு தடவை அடிச்சு நின்னுடும், விரலை எடுத்து திரும்ப அமுக்கினாத்தான் அடுத்தது. இன்னொண்ணு பழைய பஸ்ஸர், விரலை எடுக்குற வரைக்கும் கத்திகிட்டே இருக்கும். செமி-ஆட்டோமேட்டிக் அந்த டிங் டாங் பெல். ட்ரிகரை ஒரு தடவை இழுத்தா ஒரே ஒரு குண்டு. நீங்க எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிச்சிருந்தாலும் ரெண்டாவது குண்டு போகாது. பஸ்ஸர் மாதிரி ஓடுறதுதான் ஃபுல் ஆட்டோமேட்டிக், அதாவது மெஷின் கன். மெஷின் கன்னுக்கு 1934லயே ஃபெடரல் சட்டம் கடிவாளம் போட்டுடுச்சு, 1986க்கு அப்புறம் புதுசா செஞ்சத பொதுமக்கள் வாங்கவே முடியாது. நாம இங்க பேசறது அதைப் பத்தி இல்ல.

அப்ப இதுல "செமி" எது, "ஆட்டோ" எதுன்னு கேப்பீங்க. பழைய போல்ட்-ஆக்ஷன் ரைஃபிள்ல ஒவ்வொரு குண்டுக்கும் கையால போல்ட்டை, அதாவது குண்டு போற குழாயான பேரலைப் பின்பக்கம் அடைக்கிற இரும்புத் துண்டை, பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளணும், அடிபம்புல தண்ணி அடிக்கிற மாதிரி. செமி-ஆட்டோவுல அந்த அடிபம்பு வேலைய துப்பாக்கியே செஞ்சுக்கும். எப்படின்னா, குக்கரை நினைச்சுக்கோங்க, உள்ள ஆவி நிறைஞ்சதும் வெயிட்டைத் தூக்குது, ஆவி போனதும் வெயிட் தானா கீழ உக்காருது. அதே மாதிரி தோட்டா வெடிச்சதும் பேரலுக்குள்ள பயங்கர அழுத்தத்துல கேஸ் உண்டாகும், ஏஆர் மாதிரி ரைஃபிள்ல, பேரல்ல இருக்கிற ஒரு சின்ன ஓட்டை வழியா அந்த கேஸ்ல கொஞ்சம் வெளிய வந்து போல்ட்டைப் பின்னாடி தள்ளும், அந்த வேகத்துல காலிக் கூடு பக்கவாட்டுல தெறிச்சு வெளிய விழும், அப்புறம் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங் போல்ட்டை முன்னாடி தள்ளும், போல்ட் போற வழியில அடுத்த தோட்டாவைக் கூட்டிட்டுப் போய் சேம்பர்ல உக்கார வச்சுடும். சேம்பர்னா பேரலோட பின்பக்கத்துல தோட்டா பொருந்துற குழி. அடுத்த குண்டைப் போட்டு ரெடியா வைக்கிறது ஆட்டோ, சுடறது உங்க விரல். அதனாலதான் செமி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடறேன். ஏஆர்-15ங்கிற ரைஃபிளோட பேர்ல இருக்கிற ஏஆர்ங்கிற எழுத்து அசால்ட் ரைஃபிளும் இல்ல, ஆட்டோமேட்டிக் ரைஃபிளும் இல்ல. 1950கள்ல அதை வடிவமைச்ச ஆர்மலைட்ங்கிற கம்பெனியோட பேர்ல இருந்து வந்தது. ஆர்மலைட் 1959ல அந்த ரைஃபிளோட உரிமையை கோல்ட் கம்பெனிக்கு வித்துடுச்சு. அசால்ட் ரைஃபிள்னா ராணுவம் வச்சிருக்கிறது, ஒரு சுவிட்சைத் திருப்பினா பஸ்ஸராவும் ஆகும். "அசால்ட் வெப்பன்"ங்கிறது வேற, அது சட்டப் புத்தகத்துல இருக்கிற சொல், ஒவ்வொரு மாநிலமும் அதுக்கு ஒவ்வொரு அர்த்தம் எழுதி வச்சிருக்கு. இந்தக் கட்டுரை முழுக்க இனி நான் அசால்ட் வெப்பன்னு சொன்னா கலிஃபோர்னியா சட்டத்துல இருக்கிற அர்த்தம்தான்.

இதுவரைக்கும் பார்த்தது: ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அடுத்ததை துப்பாக்கியே போட்டுக்கும், அது செமி-ஆட்டோ. செமி-ஆட்டோவா இருக்கிறது மட்டுமே கலிஃபோர்னியாவுல குற்றம் கிடையாது.

## தோட்டாவைத் திருப்பிப் பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது இது, ஏன்னா சட்டம் இங்கதான் ரெண்டா பிரியுது. ஒரு தோட்டாவைத் தலைகீழாத் திருப்பி அதோட அடிப்பக்கத்தைப் பாருங்க. நடுவுல நெத்திப் பொட்டு மாதிரி தனியா ஒரு சின்ன வட்டம் தெரிஞ்சா அது சென்டர்ஃபயர். அந்தப் பொட்டுக்குப் பேர் பிரைமர், தீக்குச்சி முனை மாதிரி அடிபட்டதும் பத்திக்கிற மருந்து அதுக்குள்ள இருக்கு. அடிப்பக்கம் பொட்டே இல்லாம வெறுமையா இருந்தா அது ரிம்ஃபயர், மருந்து விளிம்பைச் சுத்தி உள்பக்கமா இருக்கும். ரிம்ஃபயர்ல எல்லாரும் வச்சிருக்கிறது .22 எல்ஆர், சின்னது, விலை கம்மி, தோள்ல உதையே தெரியாது.

கலிஃபோர்னியாவோட அசால்ட் வெப்பன் சட்டத்துல ரைஃபிளோட பாகங்களை வச்சு தடுக்கிற பிரிவு இருக்கே, அது செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு மட்டும்தான். ரிம்ஃபயருக்கு அது பொருந்தாது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது பெரிய நிம்மதி, கீழ அதுக்கு வரேன்.

## மேகசினும் அந்த 10ங்கிற நம்பரும்

ஸ்டேப்ளரைத் திறந்து பார்த்திருக்கீங்கல்ல? பின் பட்டையை ஒரு ஸ்பிரிங் பின்னாடி இருந்து தள்ளிகிட்டே இருக்கும், ஒரு பின் போனா அடுத்தது முன்னாடி வந்து நிக்கும். மேகசின் அதேதான், தோட்டாக்களை அடுக்கி ஸ்பிரிங்கால மேல தள்ளுற பெட்டி. கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா டிடாச்சபிள் மேகசின், துப்பாக்கியோட ஆக்ஷனைப் பிரிச்சாத்தான் எடுக்க முடியும்னா ஃபிக்ஸட் மேகசின். ஆக்ஷன்னா போல்ட், சேம்பர் இதெல்லாம் சேர்ந்து வேலை செய்யுற அந்த நடுப்பகுதி.

கலிஃபோர்னியாவுல 2000ஆம் வருஷத்துல இருந்து 10 குண்டுக்கு மேல பிடிக்கிற மேகசினை விக்கிறது, செய்யுறது, வெளிய இருந்து கொண்டுவர்றது எல்லாம் தடை. இது ரிம்ஃபயருக்கும் பொருந்தும், துப்பாக்கிக்குள்ளயே குழாய் மாதிரி மேகசின் இருக்கிற .22 மட்டும் விலக்கு. ஆனா இந்த 10ங்கிற கணக்கு தனி விஷயம், ரைஃபிள் அசால்ட் வெப்பனா இல்லையாங்கிறது தனி விஷயம். குரூப்புல அந்த ரெண்டாவது ஆள் சொன்னது இங்கதான் சறுக்குது. கழட்டுற மேகசின் இருக்கிற ரைஃபிள்ல 10 குண்டு மேகசினே போட்டிருந்தாலும் மத்த பாகங்கள் தப்பா இருந்தா அது அசால்ட் வெப்பன்தான்.

## சட்டம் எப்படி இந்த நிலைக்கு வந்துச்சு

1989 ஜனவரி 17, ஸ்டாக்டன்ல க்ளீவ்லண்ட் எலிமென்டரி ஸ்கூல். ஏகே மாதிரி ரைஃபிளோட வந்த ஒருத்தன் விளையாட்டு மைதானத்துல இருந்த குழந்தைங்களைச் சுட்டான், அஞ்சு குழந்தைங்க செத்துப்போனாங்க. கம்போடியாவுல இருந்தும் வியட்நாம்ல இருந்தும் அகதியா வந்து குடியேறின குடும்பத்துப் பிள்ளைங்க. போரை விட்டுத் தப்பிச்சு வந்த இடத்துல பள்ளிக்கூடத்துல குழந்தைய இழந்த அந்த வீடுகளை நினைச்சா இந்தச் சட்டத்தை சும்மா தொல்லைன்னு பேச எனக்கு மனசு வராது. அந்த வருஷமே ராபர்டி-ரூஸ் சட்டம் வந்துச்சு, அமெரிக்காவுலயே ஒரு மாநிலம் போட்ட முதல் அசால்ட் வெப்பன் தடை அது.

அந்த முதல் சட்டம் பேர் பேரா பட்டியல் போட்டுச்சு, இன்ன கம்பெனி இன்ன மாடல் தடைன்னு. கம்பெனிங்க என்ன பண்ணாங்க, அதே ரைஃபிளுக்கு வேற பேர் வச்சு வித்தாங்க. அதனால எஸ்பி 23ன்னு ஒரு சட்டம் போட்டு, 2000 ஜனவரி 1ல இருந்து பேரை மட்டும் பார்க்காம பாகங்களையும் பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்ப இருந்த விதிப்படி ஒரு கருவி இல்லாம மேகசினைக் கழட்ட முடியலன்னா அது டிடாச்சபிள் இல்ல, தோட்டாவோட முனையும் கருவின்னு விதியிலயே எழுதி இருந்துச்சு. அதை வச்சு வந்ததுதான் புல்லட் பட்டன், தோட்டா முனையால குத்தினா மேகசின் கழண்டு வரும். 2015 டிசம்பர்ல சான் பெர்னார்டினோ தாக்குதல் நடந்தது, அடுத்த வருஷம் அந்த வழியையும் அடைச்சு, 2017 ஜனவரி 1ல இருந்து ஃபிக்ஸட் மேகசின்னா ஆக்ஷனைப் பிரிச்சாத்தான் எடுக்க முடியணும்னு ஆக்கிட்டாங்க. இன்னைக்கும் யூடியூப்ல பழைய வீடியோ பார்த்துட்டு "புல்லட் பட்டன் போட்டா போதும்ல"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. போதாது. அது முடிஞ்சு போன கதை.

முக்கியமா ஒண்ணு, அந்தப் பழைய பேர் பட்டியல் இன்னும் உயிரோட இருக்கு. கோல்ட் ஏஆர்-15னு ரைஃபிள் மேல பொறிச்சிருந்தா நீங்க எந்தப் பாகத்தை மாத்தினாலும் அது தடைதான். அதனால பழைய ரைஃபிள் யார்கிட்டயாவது வாங்குறதா இருந்தா முதல்ல உலோகத்துல பொறிச்சிருக்கிற கம்பெனி பேரையும் மாடலையும் படிங்க.

## எந்தெந்தப் பாகம்

ஒரு பைக்கை நினைச்சுக்கோங்க. இன்ஜின் அதேதான், ஓடுற வேகமும் அதேதான், ஆனா சைலன்சரை மாத்தி ஹேண்டில்பாரை மாத்தினா ஆர்டிஓ நிறுத்திடுவாரு. சட்டம் இங்கயும் அப்படித்தான், இன்ஜினைப் பார்க்கல, சுத்தி மாட்டின சாமான்களைப் பார்க்குது. ஒரே தோட்டா, ஒரே வேகம், ஒரே சக்தி உள்ள ரெண்டு ரைஃபிள்ல ஒண்ணு லீகல், ஒண்ணு குற்றம். இது நியாயமா இல்லையான்னு ரெண்டு பக்கமும் நிறையப் பேசலாம், ஆனா வாங்கப் போறவங்க முதல்ல இது இப்படித்தான்னு ஏத்துக்கணும்.

செமி-ஆட்டோ, சென்டர்ஃபயர், கழட்டுற மேகசின், இந்த மூணும் ஒரு ரைஃபிள்ல சேர்ந்து, கூடவே கீழ சொல்றதுல ஏதாவது ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அது அசால்ட் வெப்பன்: பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழையற ஓட்டை வச்ச ஸ்டாக், மடக்குற இல்ல நீட்டிச் சுருக்குற ஸ்டாக், முன்பக்கம் பிடிக்கிற கைப்பிடி, ஃபிளாஷ் சப்ரசர், கிரெனேட் இல்ல ஃபிளேர் லாஞ்சர். ஸ்டாக்னா தோள்ல ஊன்றுற கட்டை. இதைத் தவிர மொத்த நீளம் 30 இஞ்சுக்குக் கம்மியா இருந்தாலும் தடை, ஃபிக்ஸட் மேகசின் 10க்கு மேல பிடிச்சாலும் தடை.

இதுல ரெண்டு மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா தப்பு அங்கதான் நடக்குது.

முதல்ல பிஸ்டல் கிரிப். ஒரு கடையில பெரியவர் ஒருத்தர் எனக்கு இதைக் காட்டின விதம் இன்னும் ஞாபகம் இருக்கு. ரைஃபிளை கவுண்டர்ல பக்கவாட்டுல படுக்க வச்சாரு, ட்ரிகர் எங்க வெளிய தெரிய ஆரம்பிக்குதோ அந்த மேல் விளிம்புக்கு நேரா ஒரு பென்சிலைப் படுக்கையா வச்சாரு, அப்புறம் என்னை சுடுற மாதிரி கையை வைக்கச் சொன்னாரு. "உன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதை இருக்கு பாரு, அது பென்சிலுக்குக் கீழ போனா அது பிஸ்டல் கிரிப், மேலயே நின்னா இல்ல"ன்னாரு. விதியில எழுதியிருக்கிறதும் கிட்டத்தட்ட இதேதான். பழைய வேட்டைத் துப்பாக்கியோட சாய்வான மரக்கட்டையில கை வச்சா சதை தானா மேல நிக்கும். ஏஆர்ல பிஸ்டல் மாதிரி தனியா கீழ தொங்குற கைப்பிடியில கீழ இறங்கிடும்.

ரெண்டாவது ஃபிளாஷ் சப்ரசர். பேரல் முனையில திருகி மாட்டுற விரல் நீள இரும்புத் துண்டு, வெட்டு வெட்டா பிளவு இருக்கும். சுடும்போது வர்ற நெருப்பு சுடறவர் கண்ணை மறைக்காம குறைக்கிறது இல்ல திசை திருப்புறது இதோட வேலை. இதே மாதிரி பார்வைக்கு இருக்கிற இன்னொண்ணு மசில் பிரேக், அது கேஸைப் பக்கவாட்டுல தள்ளி உதையைக் குறைக்கும். பிரேக் இங்க அனுமதி, சப்ரசர் தடை. பிரச்சனை என்னன்னா ரெண்டு வேலையும் செய்யுற சாமானும் விக்குது. ஒரு கடையில கவுண்டர்ல இருந்தவர் "இது பிரேக்தான், தைரியமா எடுத்துட்டுப் போங்க"ன்னு எனக்கு ஒண்ணு குடுத்தாரு, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினா பின்பக்கம் சின்ன எழுத்துல ஃபிளாஷையும் குறைக்கும்னு அந்தக் கம்பெனியே அச்சடிச்சிருக்கு. நான் அதை ரைஃபிள்ல மாட்டவே இல்ல, மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன். அதை மாட்டியிருந்து ஏதாவது ஆகியிருந்தா கேள்வி கேக்கப்படுறது நான், அந்தக் கடைக்காரர் இல்ல.

சுருக்கமா: சென்டர்ஃபயர் செமி-ஆட்டோவுல கழட்டுற மேகசின் இருந்தா, மேல சொன்ன பாகங்கள்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதோட பேர் பழைய பட்டியல்லயும் இருக்கக் கூடாது.

## அப்ப லீகலா வர்ற ரைஃபிள் எப்படி இருக்கும்

மூணு வகையாப் பிரிக்கலாம். பட்டியல்ல பேர் இல்லாத கம்பெனியோட ஏஆர் வகை ரைஃபிளையே எடுத்து, அதுல அந்தப் பாகங்கள் எதுவும் இல்லாம வித்தா அது ஃபீச்சர்லெஸ், கைப்பிடியில மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நீட்டிகிட்டு இருக்கும், கட்டைவிரல் சுத்திப் பிடிக்க முடியாம. பிஸ்டல் கிரிப் எல்லாம் வச்சுகிட்டு மேகசினை மட்டும் ஃபிக்ஸட் ஆக்கினா அது ரெண்டாவது வகை, ஒவ்வொரு தடவை மேகசினை எடுக்கவும் ஆக்ஷனைப் பிரிக்கணும். மூணாவது, எதையும் மாத்தாமலே பிறவியிலயே இந்தச் சட்டத்துக்குள்ள அடங்குற ரைஃபிள்.

முதல் ரைஃபிள் வாங்குறவங்களுக்கு நான் மூணாவதுதான் சொல்லுவேன், இதுல எனக்கு ரொம்ப உறுதியான கருத்து உண்டு. ஃபீச்சர்லெஸ்ஸும் ஃபிக்ஸடும் முழுக்க லீகல், தெரிஞ்சவங்க சந்தோஷமா வச்சிருக்காங்க. ஆனா புதுசா வர்ற ஒருத்தர் ஆன்லைன்ல ஒரு சாதாரண கைப்பிடியை ஆர்டர் பண்ணி, "பிடிக்க வசதியா இருக்கே"ன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மாத்தினாருன்னா அஞ்சு நிமிஷத்துல அவரு கையில இருக்கிறது தடை செஞ்ச ஆயுதம். அந்தக் கோடு எங்க இருக்குன்னு உள்ளங்கை ரேகை மாதிரி தெரிஞ்சவங்களுக்குத்தான் அது. பிறவியிலயே அடங்குற ரைஃபிள்ல அந்தக் கோட்டைத் தவறித் தாண்டுறது கஷ்டம்.

## எதுக்கு வாங்குறீங்க?

சுடக் கத்துக்க, குடும்பத்தோட வாரக் கடைசியில ரேஞ்சுக்குப் போக, பேப்பர் இலக்குல குறி பழகன்னா கண்ணை மூடிகிட்டு ரூகர் 10/22. 1964ல இருந்து வருது, பேருக்கு அர்த்தமே 10 குண்டு, .22. அதோட வர்ற வட்ட மேகசினே 10தான், அதனால மேகசின் சட்டத்துக்கும் பொருந்திடுது. ரிம்ஃபயர்ங்கிறதால பாகங்கள் பத்தின பிரிவு தொடவே தொடாது. தோட்டா விலை கம்மி, நிறைய சுட்டுப் பழகலாம். என்னைக் கேட்டா செமி-ஆட்டோ வாங்குற எல்லாரும் முதல்ல இதை வாங்கி ஒரு வருஷம் பழகணும், சென்டர்ஃபயரோட உதைக்கும் சத்தத்துக்கும் பயந்து கண்ணைச் சிமிட்டுற பழக்கம் ஒட்டிகிச்சுன்னா போறது ரொம்ப சிரமம்.

சென்டர்ஃபயர்தான் வேணும்னா ரூகர் மினி-14 பாருங்க. ஏஆர்-15 சுடுற அதே வகை .223 தோட்டா, ஆனா ராஞ்ச்ங்கிற மாடல்ல சாதாரண மரக்கட்டை, பிஸ்டல் கிரிப் இல்ல, ஃபிளாஷ் சப்ரசர் இல்ல. அதே கம்பெனியோட டேக்டிகல்ங்கிற மினி-14 மாடல் ஃபிளாஷ் சப்ரசரோட வருது, அது அப்படியே இங்க ஆகாது. ஒரே ரைஃபிள், முனையில ஒரு இரும்புத் துண்டு, அதுல இருக்கு சட்டத்தோட கோடு. மேல சொன்ன பைக் கதை இதுதான்.

சரித்திரத்துல ஆசை இருக்கறவங்களுக்கு எம்1 காரண்ட், ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க சிப்பாய்ங்க சுமந்தது, கழட்டுற மேகசினே கிடையாது, எட்டுத் தோட்டாவை ஒரு உலோகக் கிளிப்போட சேர்த்து மேல இருந்து அமுக்கணும், எட்டாவது சுட்டதும் கிளிப் "பிங்"னு பறந்து வெளிய வரும். அதுக்கு அடுத்த தலைமுறை எம்14, அதோட பொதுமக்கள் வடிவம் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியோட எம்1ஏ. வேற மாநிலங்கள்ல அது ஃபிளாஷ் சப்ரசரோட வரும், இங்க விக்கிறதுக்கு மசில் பிரேக் போட்டு தனியா வருது. கனமான ரைஃபிள், விலையும் கனம்.

வேட்டைக்குன்னா யோசிச்சுப் பாருங்க, செமி-ஆட்டோ வேணுமான்னே. மான் வேட்டையில பெரும்பாலும் ஒரே குண்டுதான், நல்ல போல்ட்-ஆக்ஷன் போதும், அசால்ட் வெப்பன் சட்டத்தோட இந்தப் பாகத் தொல்லை எதுவும் இல்ல. ஒண்ணு மறக்காதீங்க, 2019 ஜூலைல இருந்து கலிஃபோர்னியாவுல எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயம் பட்டுச் செத்த மிருகத்தைத் தின்னு காண்டோர் கழுகுகள் செத்துகிட்டிருந்தது, அதுதான் காரணம். பெரும்பாலும் தாமிரக் குண்டு வாங்கணும், எல்லா துப்பாக்கியும் எல்லா தாமிரக் குண்டையும் ஒரே மாதிரி குறிவச்சு அடிக்காது, சீசனுக்கு முன்னாடியே சுட்டுப் பாருங்க.

## விசாவுல இருக்கறவங்க இதைப் படிங்க

நம்ம ஆளுங்கள்ல இங்க நிறையப் பேர் எச்-1பி, எச்-4, எஃப்-1ல இருக்கோம், அதனால இதைத் தனியா எழுதறேன். இது மாநிலச் சட்டம் இல்ல, ஃபெடரல். குடியேற்றம் இல்லாத விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே குற்றம். சில விதிவிலக்கு உண்டு, அதுல சாதாரண ஆளுக்குப் பொருந்துறது அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ். வச்சிருக்கிறதுன்னா சொந்தமா வாங்குறது மட்டும் இல்ல, ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்து சுடறதும் அதுல வரும். லாஸ் வேகாஸ் டிரிப்ல கேங்கா போய் சுட்டு ஃபோட்டோ போடறாங்க, அந்த ஃபோட்டோவே சாட்சி. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்தத் தடை கிடையாது.

## கடையில நடக்கிறது

பயப்பட ஒண்ணும் இல்ல, மெதுவா நடக்கும். முதல்ல ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்டிஃபிகேட், கடையிலயே 30 கேள்வி, 23 சரியா எழுதணும், கட்டணம் 25 டாலர், 5 வருஷம் செல்லும். செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், விதிவிலக்கு ரொம்பக் கம்மி. அப்புறம் விற்பனைப் பதிவு, கைரேகை, பின்னணி விசாரணை, 10 நாள் காத்திருப்பு. இந்த 10ங்கிறது முழு 24 மணி நேரமா 10 தடவை, சாயங்காலம் 5 மணிக்குக் கையெழுத்து போட்டா பத்தாவது நாள் சாயங்காலம் 5 மணிக்கு முன்னாடி குடுக்க மாட்டாங்க. போலித் தோட்டாவை வச்சு பத்திரமா ஏத்தி இறக்கிக் காட்டவும் சொல்லுவாங்க, அதை அவசரமா முடிக்காதீங்க, கவுண்டர்ல இருக்கறவர்கிட்ட நாலு தடவை கேட்டுக்கோங்க. 2024 ஜூலைல இருந்து 11 சதவீதம் தனி வரியும் விலையில சேருது, பட்ஜெட் போடும்போது விட்டுடாதீங்க. பூட்டோட ஒரு நல்ல இரும்புப் பெட்டியையும் அதே பட்ஜெட்ல சேர்த்துடுங்க, வீட்டுல குழந்தை இருந்தா அது ரைஃபிளுக்கு முன்னாடி வரணும்.

## மாநில எல்லை

நெவாடாவுலயும் அரிசோனாவுலயும் 30 குண்டு மேகசினோட ஏஆர் சர்வ சாதாரணம். சொந்தக்காரர் ஒருத்தர் அங்க இருக்காரு, அவர்கிட்ட இருந்து காரில போட்டு கொண்டுவந்துடலாம்னு நினைக்காதீங்க. அசால்ட் வெப்பனை இங்க கொண்டுவர்றதுக்கு 4ல இருந்து 8 வருஷம் வரைக்கும் சிறை. வெறும் மேகசினைக் கொண்டுவர்றதும் குற்றம்தான்.

கோர்ட்டு நிலவரத்தையும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா "கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சாமே"ன்னு அடிக்கடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுத்தும். சான் டியாகோவுல ஃபெடரல் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2021லயும் 2023லயும் அசால்ட் வெப்பன் தடை அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு தீர்ப்பு எழுதினாரு, அது உண்மை. ஆனா ரெண்டு தடவையும் மேல் கோர்ட்டு அதை நிறுத்தி வச்சுடுச்சு. மேகசின் தடையை ஒன்பதாவது சர்க்யூட்ங்கிற ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்டு 2025 மார்ச்ல சரிதான்னு சொல்லிடுச்சு. தீர்ப்பு வந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டதும் வேற வேற நாள்ல நியூஸ்ல வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறவங்க முதலாவதை மட்டும்தான் எடுக்கறாங்க.

கலிஃபோர்னியாவுல கத்துகிட்டத வேற மாநிலத்துக்குத் தூக்கிட்டுப் போகவும் முடியாது. வாஷிங்டன்லயும் இல்லினாய்லயும் 2023ல வந்த தடை தனி, மேரிலாந்து தனி, நியூ ஜெர்சி தனி. நியூயார்க் மாநிலத்துல 2013ல வந்த சேஃப் ஆக்ட் மேலோட்டமா பார்த்தா கலிஃபோர்னியா சட்டம் மாதிரியே இருக்கும், கழட்டுற மேகசின், கூட ஒரு பாகம், அவ்வளவுதான். ஆனா அந்தப் பாகப் பட்டியல்ல மசில் பிரேக்கும் இருக்கு. இங்க எதை மாட்டினா லீகல் ஆகுதோ அதுவே அங்க குற்றம். என் நண்பர் ஒருத்தர் ஆல்பனி பக்கம் வேலை மாறிப் போனப்ப மூவர்ஸுக்கு சாமான் லிஸ்ட் எழுத உக்காந்த அன்னைக்குத்தான் இது அவருக்குத் தெரிஞ்சது. ஆசை ஆசையா வாங்கி வச்சிருந்த எம்1ஏவை இங்கயே ஒரு டீலர் மூலமா வித்துட்டு, மரக்கட்டை மினி-14ஐ மட்டும் கூட எடுத்துட்டுப் போனாரு.